1846-ல் ஒரு கிராமப் பள்ளி: யார் கையில் ஒப்படைப்பது?

இங்கிலாந்தின் கிராமங்களில் விக்டோரியா காலத்துப் பள்ளிக் கட்டடங்கள் இன்னும் நிறைய நிற்கின்றன. கூர்முனை ஜன்னல், செங்குத்தாக இறங்கும் கூரை, உச்சியில் ஒரு சின்ன மணிக்கூண்டு. சில இன்னும் பள்ளிதான், பல வீடாகிவிட்டன. இந்தக் கட்டடங்களைப் பற்றி எங்கே படித்தாலும் யார் கட்டினார், எத்தனை பவுண்டு ஆனது என்றுதான் எழுதியிருப்பார்கள். கட்டுவதற்கு முன்னால் அந்த ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, இதை யாரிடம் கொடுப்பது, பத்து வருஷம் கழித்து யார் சம்பளம் தருவார், எந்தப் பிள்ளையை வா என்போம், எந்தப் பிள்ளை தானாக நின்றுவிடும் என்று பேசியிருப்பார்கள் இல்லையா, அந்தப் பேச்சுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த முடிவை இன்று நாம் எடுப்பதாக வைத்துக்கொண்டு, கையில் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்க்கிறேன்.

ஊரை முதலில் வைத்துக்கொள்வோம். 1846-ன் கடைசி. தெற்கே ஹாம்ப்ஷயர், டார்செட் பக்கம் 700 பேர் உள்ள ஒரு கிராமம். ஒரு பெரிய நிலப்பிரபு, ஏழெட்டுக் குத்தகை விவசாயிகள், ஒரு மாவு மில், ஒரு கொல்லன் பட்டறை, ஆங்கிலிக்கன் திருச்சபையின் பழைய தேவாலயம், அந்தத் திருச்சபையிலிருந்து பிரிந்துபோன மெதடிஸ்ட்காரர்களின் சின்ன சேப்பல் (தொழுகைக் கூடம்) ஒன்று. மற்றவர்கள் எல்லாம் பண்ணைக் கூலிகள். பள்ளிக்கு வரக்கூடிய வயதில் 80 பிள்ளைகள்.

கூலிக்காரர் வீட்டுக் கணக்கைப் பார்க்காமல் இதில் எதையும் முடிவு செய்ய முடியாது. அந்தப் பகுதியில் அப்போது வாரக் கூலி 8 ஷில்லிங் என்று வைத்துக்கொள்ளலாம், சில இடங்களில் அதுகூட இல்லை. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக மொத்தம் 96 பென்ஸ். பள்ளிக் கட்டணம் பிள்ளைக்கு வாரம் ஒன்றிரண்டு பென்ஸ். மூன்று பிள்ளைகளைத் தலைக்கு 2 பென்ஸ் கொடுத்து அனுப்பினால் 6 பென்ஸ், வருமானத்தில் பதினாறில் ஒரு பங்கு. ரொட்டிக்கே பற்றாத வீட்டில் இது பெரிய தொகைதான். ஆனாலும் உண்மையான சுமை இதில் இல்லை. விதைத்த வயலில் காக்காய் விரட்டப் போகும் பையனுக்கு நாளுக்கு 4 பென்ஸ் கிடைக்கும். ஆறு நாளைக்கு 24 பென்ஸ், அதாவது அப்பாவின் கூலியில் கால்வாசி. பின்னாளில் பண்ணைத் தொழிலாளர் சங்கம் கண்ட ஜோசப் ஆர்ச், வாரிக்‌ஷயரில் பார்ஃபர்ட் கிராமத்தில் 9 வயதில் பள்ளியை விட்டுப் போய்ச் செய்ததும் இதே வேலைதான், இதே 4 பென்ஸுக்குத்தான். ஆக, பையன் வகுப்பில் உட்காரும் ஒவ்வொரு வாரமும் அந்தக் குடும்பம் கொடுக்கும் விலை 2 பென்ஸ் மட்டும் இல்லை, 26 பென்ஸ். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

சில வழிகளைச் சீக்கிரம் தள்ளிவிடலாம். ஊரில் ஏற்கெனவே ஒரு பாட்டியம்மா தன் வீட்டு அடுப்படியில் பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார், பெண் பிள்ளைகளுக்குத் தையலும் பின்னலும் உண்டு. நல்ல மனுஷியாக இருந்தால் கைக்குழந்தைகளுக்குப் பாதுகாப்பான இடம், அதற்கு மேல் எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி என்ற வழியும் இருந்தது. 1780-ல் க்ளாஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது அது, வேலைக்குப் போகும் பையனுக்கு எழுத்தைக் கண்ணில் காட்டிய பெருமை அதற்கு உண்டு. ஆனால் வாரத்தில் ஒரே நாள், அதுவும் பல இடங்களில் வாசிப்பு மட்டும், ஓய்வுநாளில் எழுதக் கூடாது என்று எழுத்தைத் தள்ளி வைத்தவர்கள் நிறையப் பேர். ‘கந்தல் பள்ளிகள்’ என்று பெயர் பெற்ற இலவசப் பள்ளிகளைப் பற்றியும் கேட்பீர்கள். அவற்றுக்கான ஒன்றியம் 1844-ல் லண்டனில் உருவானது, ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகரத்துத் தெருவில் செருப்பும் சட்டையும் இல்லாமல் திரிந்த பிள்ளைகளுக்காக வந்த ஏற்பாடு அது, பெரிய நகரத்தின் நன்கொடைக் கூட்டம் பின்னால் இருந்தால்தான் ஓடும். நம் ஊருக்குச் சரிப்படாது.

நிலப்பிரபு தானே கட்டி, தானே நடத்துகிறேன் என்று வந்தால்? இது ஆசை காட்டும் வழி. யாரிடமும் கை நீட்ட வேண்டாம், கட்டடம் அழகாக இருக்கும், கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்குக் கம்பளித் துணி வரும். ஆனால் அவர் இறந்தபின் மகனுக்கு வேட்டை நாய்களில்தான் நாட்டம் என்றால் அன்றோடு பள்ளி முடிந்தது. நான் அவரிடமிருந்து நிலத்தையும் ஆண்டு நன்கொடையையும் வாங்கிக்கொள்வேன், நிர்வாகத்தைக் கொடுக்க மாட்டேன்.

நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பல ஊர்கள் கோட்டை விட்டன. 1841-ல் பள்ளி மனைகளுக்காக ஒரு சட்டம் வந்தது. நிலவுடைமையாளர் ஒரு ஏக்கருக்கு மிகாமல் பள்ளிக்கு எழுதிக் கொடுக்கலாம், பத்திரச் சிக்கல்கள் குறைவு, தேவாலயத்து நிலத்தைக்கூடக் கொடுக்கலாம். பாதிரியார், தேவாலயக் கண்காணிப்பாளர்கள் மாதிரி பதவியில் இருப்பவர்கள் பெயரில் எழுதினால், ஆள் மாறினாலும் டிரஸ்ட் அறுபடாது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் அதே சட்டத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. நிலம் பள்ளிக்காகப் பயன்படுவது நின்றுபோனால் அது கொடுத்தவரின் எஸ்டேட்டுக்கே திரும்பிவிடும், மேலே ஊர்க்காரர் காசில் எழுந்த கட்டடம் உட்பட. இந்தக் கொக்கியால் நூறு வருஷம் கழித்தும் வழக்குகள் வந்து, கடைசியில் 1987-ல் பாராளுமன்றம் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. அதனால் நிலப்பிரபு இலவசமாகத் தருகிறார் என்றதும் சந்தோஷத்தில் கையெழுத்துப் போடாமல், இந்தச் சட்டத்தின் வழியில் இல்லாமல், சின்னத் தொகை கொடுத்தாவது நேரடிக் கிரயமாக வாங்க முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும். முடியாவிட்டால் இருப்பதை ஏற்க வேண்டியதுதான், வேறு மனை கிடைக்காத ஊர்கள்தான் அதிகம்.

சரி, இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம். இரண்டு சங்கங்கள். ஒன்று 1811-ல் தொடங்கிய நேஷனல் சொசைட்டி, ஏழைகளுக்கு ஆங்கிலிக்கன் திருச்சபையின் கொள்கைப்படி கல்வி தருவது என்பதை நோக்கமாகவே எழுதி வைத்தது. இன்னொன்று ஜோசப் லங்காஸ்டரின் பள்ளியிலிருந்து வளர்ந்து 1814-ல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்ட பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின் ஸ்கூல் சொசைட்டி. இங்கே பைபிள் வாசிப்பு உண்டு, எந்தச் சபையின் ஞானோபதேசமும் (மதக் கொள்கையைக் கேள்வி-பதிலாக மனப்பாடம் செய்யும் பாடம்) கிடையாது, அதனால் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், காங்கிரிகேஷனல் குடும்பங்கள் கூச்சமில்லாமல் பிள்ளையை அனுப்பலாம். 1833-ல் பாராளுமன்றம் முதன்முறையாகப் பள்ளிக் கட்டடங்களுக்கு என்று 20,000 பவுண்டு ஒதுக்கியபோது அந்தப் பணமும் இந்த இரண்டு சங்கங்கள் வழியாகத்தான் போனது, அதுவும் செலவில் பாதியை ஊர்க்காரர்கள் முதலில் திரட்டிக் காட்டினால்தான். பாதித் தொகை திரட்ட முடிகிற ஊருக்குத்தான் உதவி, ஒன்றுமே இல்லாத ஊருக்கு ஒன்றும் இல்லை. அரசு உதவியில் இந்தக் கோளாறு ஆரம்பத்திலிருந்தே இருந்தது.

நேஷனல் பள்ளி என்று முடிவெடுத்தால் கிடைப்பவை எளிதில் புரியும். பாதிரியார் ஊரிலேயே இருக்கிறார், படித்தவர், நிலையான வருமானம் உள்ளவர், நிலப்பிரபுவோடு பேசத் தெரிந்தவர். சங்கத்திடமிருந்து கட்டட மானியம் வரும். பிஷப்பின் மாவட்ட அமைப்பு பின்னால் இருக்கும். பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டுமென்றால், சங்கம் லண்டனில் நடத்திய கல்லூரிகளுக்கு எழுதிக் கேட்கலாம். கிராமங்களில் பெரும்பாலும் இந்த வழியே வென்றதற்குக் காரணம் வெறும் மதம் இல்லை, ஆண்டு முழுக்கப் பள்ளியைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஓர் ஆள் இருந்தார் என்பதும்தான்.

இழப்பது என்ன? சேப்பலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளை வாரம் முழுக்க ஞானோபதேசம் ஒப்பிக்க வேண்டும், ஞாயிறன்று தேவாலயத்துக்கு வர வேண்டும், இல்லையென்றால் பள்ளி கிடையாது என்று பல ஊர்களில் நெருக்கினார்கள். ஊரில் இருப்பது ஒரே பள்ளி என்னும்போது இது கட்டாயம்தான். மதத்தைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. ஆர்ச் தன் சுயசரிதையில் சொல்கிறார்: அவர் ஊர்ப் பாதிரியாரின் மனைவி, பள்ளிக்கு வரும் பெண் பிள்ளைகள் எல்லோரும் தலைமுடியைக் கிண்ணம் கவிழ்த்த மாதிரி வட்டமாக வெட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார், ஆர்ச்சின் அம்மா முடியாது என்று எதிர்த்து நின்றார். அந்த அம்மாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஏழைப் பிள்ளைக்குப் பள்ளி தருகிறோம் என்பதற்காக அவள் தலைமுடி மீது யாருக்கும் அதிகாரம் வந்துவிடாது. நிர்வாகக் குழுவில் கூலித் தொழிலாளி ஒருவர்கூட இல்லாத பள்ளியில் இந்த மாதிரி உத்தரவுகள் வரத்தான் செய்யும். அக்காலத்தில் அப்படி ஒரு ஆளைக் குழுவில் உட்கார வைப்பதைப் பற்றி எந்தச் சங்கமும் யோசிக்கவே இல்லை.

பிரிட்டிஷ் பள்ளியில் இந்த மனக்கசப்பு குறைவு. எனக்குக் கொள்கையளவில் இதுதான் பிடித்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் நம் ஊரில் ஒரு சேப்பல், முப்பது குடும்பம், எல்லோரும் கைக்கும் வாய்க்குமாக இருப்பவர்கள். நிலப்பிரபு ஆங்கிலிக்கன். சேப்பல்காரர்களுக்கு மனை தர மறுத்த நிலப்பிரபுக்கள் ஏராளம். கடைக்காரர்களும் நெசவு முதலாளிகளும் உள்ள சந்தை ஊரில் பிரிட்டிஷ் பள்ளி நன்றாக ஓடும், தனிக் கிராமத்தில் ஆண்டு நன்கொடைப் பட்டியல் இரண்டாம் வருஷமே மெலிந்துவிடும். வேல்ஸ் மட்டும் வேறு. அங்கே மக்களில் பெரும்பாலோர் சேப்பல்காரர்கள், அப்படிப்பட்ட ஊரில் சர்ச் பள்ளி, அதாவது நேஷனல் பள்ளி, வைப்பது ஊரையே வெளியே நிறுத்துவது. 1843-ல் ஹியூ ஓவன் என்பவர் வேல்ஸ் மக்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதி, பிரிட்டிஷ் பள்ளிகளைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டார், அதன்பின் அங்கே அந்தப் பள்ளிகள் வேகமாகப் பெருகின. நான் ஒரு வேல்ஸ் கிராமத்துக்கு முடிவு சொல்ல வேண்டியிருந்தால் இரண்டு நிமிஷம்கூட யோசிக்க மாட்டேன்.

பணம். 80 பிள்ளைகளில் சராசரியாக 60 பேர் வருகிறார்கள், தலைக்கு வாரம் 2 பென்ஸ், ஆண்டுக்கு 44 வாரம் என்று போட்டால் 5,280 பென்ஸ், பவுண்டுக்கு 240 பென்ஸ் என்பதால் 22 பவுண்டு. ஓர் ஆசிரியரையும் தையல் சொல்லித் தர அவர் மனைவியையும் வைத்துக்கொண்டு, நிலக்கரி, சிலேட்டு, கூரை ரிப்பேர் எல்லாம் பார்த்தால் 60 பவுண்டாவது ஆகும். மீதி 38 பவுண்டை ஒவ்வொரு வருஷமும் யாரோ தர வேண்டும். கட்டடத்துக்கு ஒரு தடவை கொடுப்பவர்கள் கிடைப்பார்கள், பெயர் பொறித்த கல் வைக்கலாம். ஒன்பதாம் வருஷம் நிலக்கரிக்குக் கொடுப்பவருக்குக் கல் கிடையாது.

இந்த இடைவெளியை அடைக்கப் பழைய தலைமுறை கண்ட தந்திரம், ஆசிரியர் செலவையே சுருக்குவது. அதன் வேர் நம் சென்னையில் இருக்கிறது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-லிருந்து 1796 வரை எழும்பூரில் படைவீரர்களின் அனாதைப் பையன்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்தினார். ஒருநாள் உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், தப்பானால் கையால் தடவி அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். தன் பள்ளி ஆசிரியர்களை இதைச் செய்யச் சொன்னார், அவர்கள் முகம் சுளித்தார்கள். அதனால் 8 வயதுச் சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வைத்தார், அவன் ஆசிரியர்களைவிட நன்றாகச் செய்தான். நம் ஊர்ச் சட்டாம்பிள்ளைதான் அது. பெல் 1797-ல் லண்டனில் இதை எழுதி வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் நேஷனல் பள்ளிகள் அனைத்துக்கும் அதுவே பாடமுறை ஆனது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் சொத்தில் உருவான பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். மணல் தட்டில் எழுதப் பழகிய ஓர் இங்கிலாந்துக் கிராமத்துக் கூலிக்காரர் மகனுக்கு, தன் விரல் போகும் வழி எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஆனால் கடன் வாங்கும்போது திண்ணைப் பள்ளியின் உயிர் வழியில் சிந்திப்போனது. நம் வாத்தியாரிடம் இருபது முப்பது பிள்ளைகள், ஒவ்வொருவரையும் பெயர், வீடு, அப்பன் யார் என்று தெரியும், சட்டாம்பிள்ளை அவருக்குக் கைத்துணை. அங்கேயோ நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் வரிசையாக நிறுத்தி, ‘மானிட்டர்’ என்ற 10 வயதுச் சட்டாம்பிள்ளைகள் கத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். வினாவிடையை ஒப்பிக்க முடியும், ஒரு வார்த்தைக்குப் பொருள் கேட்டால் திணறுவார்கள். அந்த மானிட்டரும் வேலை கிடைத்ததும் நின்றுவிடுவான், பாவம், அவனுக்கும் அந்த 24 பென்ஸ் இருக்கிறதே.

இதனால்தான் நம் ஊர் 1846-ன் கடைசியில் முடிவெடுப்பது நல்ல காலம் என்கிறேன். அந்த வருஷம் அரசின் கல்விக் குழுவின் செயலாளர் கே-ஷட்டில்வொர்த் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். 13 வயதில் ஒரு பிள்ளையை ஐந்து வருஷத்துக்குப் பயிற்சி ஆசிரியராக ஒப்பந்தம் செய்யலாம், முதல் வருஷம் 10 பவுண்டு, ஐந்தாம் வருஷம் 20 பவுண்டு என்று அரசே சம்பளம் தரும். தினமும் பள்ளி நேரத்துக்கு வெளியே தலைமை ஆசிரியர் அவர்களுக்குத் தனியாகப் பாடம் சொல்லித் தர வேண்டும், அதற்கு அவருக்கும் மேல்பணம் உண்டு. கூலிக்காரர் வீட்டுப் பையனுக்கோ பெண்ணுக்கோ வருஷம் 10 பவுண்டு என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய 46 பென்ஸ், காக்காய் விரட்டும் கூலியைப்போல் இரண்டு மடங்கு. படிப்பதற்கே சம்பளம் என்றால் அந்த வீட்டில் பேச்சே மாறிவிடும். ஐந்து வருஷம் முடித்தவர்கள் தேர்வு எழுதி உதவித்தொகையில் பயிற்சிக் கல்லூரிக்கும் போகலாம். ஆனால் அரசின் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்து, பள்ளி தரமானது, தலைமை ஆசிரியர் பயிற்றுவிக்கத் தகுந்தவர் என்று சொன்னால்தான் இதெல்லாம். ஆகவே எந்தச் சங்கம் என்றாலும் சரி, இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கதவைத் திறந்து வைக்கும் பள்ளியாக இருக்க வேண்டும். அரசு மூக்கை நுழைக்கும் என்று பயந்து மறுத்த நிர்வாகங்கள் உண்டு, அந்தப் பயத்துக்குப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள்.

இந்த எல்லாக் கணக்கையும் நடைமுறையில் சரியாகப் போட்ட ஒரு மனிதர் இருந்தார். ஹாம்ப்ஷயரில் கிங்ஸ் சாம்போர்ன் கிராமத்துப் பாதிரியார் ரிச்சர்ட் டாஸ். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து அங்கேயே டௌனிங் கல்லூரியில் ஆசிரியராக இருந்துவிட்டு 1830-களின் பிற்பகுதியில் இந்த ஏழைக் கிராமத்துக்கு வந்தவர். 1842 அக்டோபரில் பள்ளியைத் திறந்தார். அவர் செய்த முதல் காரியம், கூலிக்காரர் பிள்ளைக்கு ஒரு கட்டணம், குத்தகை விவசாயி பிள்ளைக்கு அதைவிடக் கூடுதல் கட்டணம், இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. விவசாயி தன் பையனை இந்தப் பள்ளிக்கே அனுப்ப வேண்டுமானால் பாடம் அந்த அளவுக்கு நன்றாக இருக்க வேண்டும், நன்றாக இருந்தது, அவர்கள் கொடுத்த பணம் பள்ளியைத் தாங்கியது. தர்மத்துக்கு நடக்கும் பள்ளி என்ற முத்திரையும் விழவில்லை. புத்தகங்களையும் இலவசமாகக் கொடுக்காமல் பெற்றோர் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும்படி செய்தார். வீட்டில் சொந்தமாகப் புத்தகம் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அப்புறம் பாடம். பளபளவென்று தேய்த்த உலோகத் தேநீர்க் குடுவையில் தேநீர் நன்றாக இறங்குகிறது, கரி பிடித்த மண் குடுவையில் அப்படி இல்லை, ஏன்? அந்தக் கேள்வியிலிருந்து வெப்பம் எப்படி வெளியே போகிறது என்பதற்குப் போவார். பிள்ளை அன்று மாலையே வீட்டுக்குப் போய் அம்மாவின் குடுவையைப் பார்க்கும். கொல்லன் பட்டறை, வயல், கூரை, கெட்டில், எல்லாம் பாடம். இன்ஸ்பெக்டர் ஹென்றி மோஸ்லி வந்து பார்த்துவிட்டுத் தன் அறிக்கையில் இந்தப் பள்ளியை விரிவாகப் புகழ்ந்து எழுதினார். சஃபோக்கில் ஹிட்சம் கிராமத்தில் இன்னொருவர் இதே வழியில் போனார், டார்வினின் ஆசிரியரான தாவரவியலாளர் ஜான் ஹென்ஸ்லோ. அவருடைய செடிகள் வகுப்பில் சேர வேண்டும் என்றால் கிராமத்துப் பிள்ளை, ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்பவற்றுக்கான நீளமான கிரேக்க வழிச் சொற்களை எழுத்துப் பிசகாமல் சொல்லிக் காட்ட வேண்டும். வயலில் களை பிடுங்கிய கைகள்தான், அதே களையின் பெயரையும் குடும்பத்தையும் சொல்லின.

டாஸ் வழியில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. 1850-ல் அவர் ஹெரிஃபர்ட் பேராலயத்துக்கு டீனாக, அதாவது தலைமைக் குருவாக, போய்விட்டார். ஒரு மனிதரின் அறிவை நம்பி நின்ற பள்ளி, அடுத்து வருபவர் யார் என்பதைப் பொறுத்தது. இதைவிடப் பெரிய அடி வெளியிலிருந்து வந்தது. 1862-ல் கல்விக்குப் பொறுப்பான அமைச்சர் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்த விதிகள், தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்பார்கள். பிள்ளையின் வருகைக்கு 4 ஷில்லிங், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் இன்ஸ்பெக்டர் முன்னால் தேறினால் ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ், மொத்தம் 12 ஷில்லிங். தேநீர்க் குடுவைக்கு ஒரு பென்னி இல்லை. ஆசிரியர்கள் என்ன செய்வார்கள், ஒரே வாசகப் புத்தகத்தை வருஷம் முழுக்கப் படிக்க வைத்து மனப்பாடம் ஏற்றினார்கள். தானே இன்ஸ்பெக்டராக இருந்த மேத்யூ ஆர்னால்டு இதை வெளிப்படையாக எதிர்த்தார், பலிக்கவில்லை. இதே தேர்ச்சி மானியம் நம் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது, உதவி பெறும் பள்ளிகளின் பழைய கதைகளைக் கிளறினால் அது தென்படும்.

அதே முடிவை 1870-ல் எடுக்க வேண்டியிருந்தால்? அப்போது ஃபார்ஸ்டர் என்ற அமைச்சர் கொண்டுவந்த கல்விச் சட்டம் வந்துவிட்டது, புதிதாக ஒரு வழி திறந்தது: தேர்தலில் வந்த பள்ளி வாரியம், உள்ளூர் வரிப் பணத்தில் பள்ளி. பெண்கள் வாக்களிக்கலாம், உறுப்பினராக நிற்கவும் செய்யலாம். வாரியப் பள்ளியில் எந்தச் சபையின் ஞானோபதேசமும் கூடாது. மற்றப் பள்ளிகளிலும், மானியம் வாங்கினால், மதபாட நேரத்தில் பிள்ளையை வெளியே அழைத்துக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கட்டணம் வாரத்துக்கு 9 பென்ஸுக்கு மேல் போகக் கூடாது. இந்த வாரியம் வந்தால் வரி ஏறும் என்று பயந்த விவசாயிகள் பல ஊர்களில் அவசர அவசரமாகத் தேவாலயப் பள்ளிக்கு நன்கொடை கொடுத்து அதைக் காப்பாற்றினார்கள்.

கிராமத்தில் வாரியத்தின் சிக்கல் அளவில்தான். வரி விதிக்கக்கூடிய சொத்து மதிப்பு 1,500 பவுண்டு உள்ள ஊரில் பவுண்டுக்கு ஒரு பென்னி வரி போட்டால் 6 பவுண்டு 5 ஷில்லிங்தான் வரும். கட்டடம், சம்பளம் எல்லாம் பார்க்கப் பல பென்னி போட வேண்டும், அதைப் போட வேண்டிய வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர்களே வரி கட்டும் விவசாயிகள், அவர்களுக்குத்தான் காக்காய் விரட்டப் பையன்களும் வேண்டும். ஆனாலும் ஊரில் சேப்பல் குடும்பங்கள் கணிசமாக இருந்து, இருப்பது ஒரே பள்ளி என்றால், நான் வாரியத்தின் பக்கம். நன்கொடை தருபவர் கோபித்துக்கொண்டு நிறுத்தலாம், வரியை நிறுத்த முடியாது. தலைமுடியை வெட்டச் சொல்லும் பாதிரியார் மனைவியைத் தேர்தலில் தோற்கடிக்கலாம்.

அந்த 26 பென்ஸில் இரண்டைக் கழிக்கவே 1891 வரை ஆனது. அந்த வருஷம் கட்டணத்துக்குப் பதிலாகப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 10 ஷில்லிங் என்று அரசு தர ஆரம்பித்தது, 120 பென்ஸ், வாரம் 3 பென்ஸ் வீதம் 40 வாரத்துக்குச் சரியாக வருகிறது. மீதி 24 பென்ஸ், பிள்ளையின் கூலி, அதை யாரும் ஈடு செய்யவில்லை. 1880-ல் 5 முதல் 10 வயது வரை கட்டாயம் என்று சட்டம் போட்டு அந்த இழப்பைப் பெற்றோர் தலையிலேயே வைத்தார்கள். பிள்ளை படித்ததற்கு அந்த ஏழை அம்மாக்கள் கட்டிய பணத்தை எந்தக் கல்வெட்டிலும் பொறித்து நான் பார்த்ததில்லை.

ஆக, 1846-ல் நம் ஊருக்கு என் முடிவு இது. பாதிரியார் டாஸ் மாதிரி இருந்தால், அல்லது அப்படி இருக்கச் சம்மதித்தால், சர்ச் பள்ளி. சேப்பல் பிள்ளைகளை ஞானோபதேசத்துக்கு வற்புறுத்த மாட்டோம் என்று முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அவர் மறுத்தால், நன்கொடை பாதியாகக் குறைந்தாலும் சந்தை ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பிரிட்டிஷ் பள்ளி. எதுவானாலும் கட்டணம் வசதிக்குத் தகுந்தபடி, மானிட்டருக்குப் பதில் பயிற்சி ஆசிரியர்கள், அதில் ஒருவராவது பெண். வயலுக்குப் போய்விட்ட பையன்களுக்குக் குளிர்காலத்தில் வாரம் மூன்று ராத்திரி வகுப்பு, கட்டணம் இல்லாமல். விடுமுறையைக் காலண்டர் பார்த்து விடாமல் கோதுமை முற்றுவதைப் பார்த்து விட வேண்டும், இல்லையென்றால் ஆகஸ்டில் வகுப்பில் ஆசிரியரும் பெஞ்சும்தான் இருக்கும். திறப்பது டாஸ் திறந்த மாதிரி அக்டோபரில். அப்போதுதான் அறுவடைக் கூலி கைக்கு வந்திருக்கும், வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் வாங்க முடியும், சேற்றில் இரண்டு மைல் நடந்து வர முதலில் அது வேண்டும்.